மகள் பிரசவத்துக்கு கலிபோர்னியா போகிறோம்: ஜனவரி மழைப்புயலில் மலை வீட்டில் இருக்கலாமா?

காட்பாடி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. காட்பாடியில் இருக்கிறோம். அரசுப் பள்ளியில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் ஜனவரி 18 என்று நாள் கொடுத்திருக்கிறார். நானும் வீட்டுக்காரரும் டிசம்பர் 12 கிளம்புகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அவர்கள் இருப்பது கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் என்ற கடலோர ஊருக்கு மேலே, மலையில். பென் லோமண்ட் என்று ஒரு சின்ன ஊர், அதையும் தாண்டி மேலே ஏறினால் இவர்கள் வீடு. போன வருஷம்தான் வாங்கினார்கள். வீடியோ காலில் காட்டினாள், வீட்டைச் சுற்றி ஒரே மரம். ரெட்வுட் என்றாள். நம் பக்கத்துச் செம்மரம் என்று நினைத்தேன். அது இல்லையாம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரமாம். பிரசவம் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரி கீழே கடலோரத்தில். மலைப்பாதையில் அரை மணி நேரம்.

போன வாரம் பேச்சுவாக்கில், "அம்மா, இங்கே மழைக்காலமே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான். காற்று அடிக்கும், கரண்ட் போகும், பழகிவிட்டது, நீ பயப்படாதே" என்றாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையோடு மழை முடிந்துவிடும். பொங்கலுக்கு வெயிலில் பானை வைத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பொங்கல் வாரத்தில்தான் அங்கே புயல் என்கிறாள்.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், 2021 நவம்பரை நான் பார்த்தேன். பாலாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறோம், அந்த மாசம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. என் தங்கை வடுகந்தாங்கல் பக்கத்தில் இருக்கிறாள். அவள் மருமகளுக்கு அன்று ராத்திரி வலி எடுத்துவிட்டது. விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தில் போக விடவில்லை. சுற்றிக்கொண்டு காட்பாடி வழியாக வந்தார்கள், வழியெல்லாம் ஓடை பொங்கி ரோட்டில் தண்ணீர். நான் எங்கள் வீட்டு வாசலில் குடையோடு நின்றேன். கார் வந்து, நானும் ஏறி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த இருபதாவது நிமிஷம் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காருக்குள் அந்தப் பெண் என் கையைப் பிடித்த பிடி இன்னும் மறக்கவில்லை.

என் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது. அதனால் அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். அந்த மழையும் காற்றும் நம் புயல் மாதிரியா, வேறு மாதிரியா? பிரசவ நேரத்தில் மலை வீட்டிலேயே இருப்பது சரிதானா? அப்புறம், கிறிஸ்துமஸ் லீவில் எங்களைப் பனி பார்க்க டாஹோ ஏரிக்கு அழைத்துப் போவதாக மாப்பிள்ளை ஆசையாகச் சொல்கிறார். அந்தச் சமயத்தில் அது வேண்டுமா?


வாணியம்பாடி to சான் ஹோசே எழுதியது:

வாழ்த்துகள் டீச்சர். நான் சான் ஹோசேயில் 9 வருஷமாக இருக்கிறேன். கவலைப்படவே வேண்டாம். இங்கே வருஷத்துக்கே சுமார் 380 மில்லிமீட்டர் மழைதான். நம் வேலூருக்கு 1000 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழையை இவர்கள் இரண்டு நாள் தூறலாகப் பார்த்துவிட்டு டிவியில் புயல் என்பார்கள். குளிர்தான் கஷ்டம். 8, 10 டிகிரியில் நனைந்தால் உடம்பு நடுங்கும், குடையைக் காற்று திருப்பிவிடும். தலையை மூடுகிற மழை ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி சந்தோஷமாக வாருங்கள்.


குடியாத்தத்துக்காரன் எழுதியது:

வாணியம்பாடி நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பதிலை வைத்து டீச்சர் முடிவெடுத்துவிடக் கூடாது. சான் ஹோசே அந்த மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கிறது. கடலிலிருந்து வருகிற மேகம் சாண்டா குரூஸ் மலையில் ஏறும்போதே கொட்டிவிட்டு, மிச்சம்தான் உங்களுக்கு வருகிறது. பென் லோமண்ட் பக்கம் உங்கள் ஊரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மழை. அதுவும் வருஷம் முழுக்கப் பரவி இல்லை, பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்.

டீச்சர், நான் குடியாத்தம். அந்த மலையில், ஃபெல்டன் பக்கத்தில் ஆறு வருஷம் குடியிருந்தேன். உங்கள் மகள் வீட்டிலிருந்து கீழே இறங்குகிற ஹைவே 9 என் வீட்டு வழியாகத்தான் போகும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

2022 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் ஒன்பது மழைப்புயல் கலிபோர்னியாவில் அடுத்தடுத்து இறங்கியது. ஒன்று போய் மூச்சு விடுவதற்குள் அடுத்தது. தனித்தனியாக எடுத்தால் வாணியம்பாடிக்காரர் சொல்வதுபோல் நம் ஊர் மழைதான், அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆனால் முதல் இரண்டு மழையிலேயே மண் குடித்துத் தீர்த்துவிட்டது. மூன்றாவதிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் சரிவில் ஓட ஆரம்பித்தது. ஈரமண்ணில் வேர் பிடி தளர்ந்துவிடும், அதன் மேல் காற்று. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குச் சென்னையில் மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். அங்கே சாய்வது ரெட்வுட்டும் டக்ளஸ் ஃபர்ரும். விழுந்தால் ரோடும் கரண்ட் கம்பியும் சேர்ந்தே போய்விடும். மரம் முழுசாக விழ வேண்டும் என்றுகூட இல்லை, உயரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து குத்திட்டு இறங்கினால் கார் கூரை தாங்காது.

எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. இங்கே ஒரு விஷயம் நம் ஊர் ஆட்களுக்குத் தோன்றாது: மலையில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு, மின்சார மோட்டார். கரண்ட் போனால் குழாயில் தண்ணீரும் போய்விடும். மேல்நிலைத் தொட்டி எல்லா வீட்டிலும் இருக்காது. முதலில் மாப்பிள்ளையிடம் கேளுங்கள், வீட்டுத் தண்ணீர் பொது இணைப்பா, கிணறா என்று. கிணறாக இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கில் குடிதண்ணீர் ஒரு வாரத்துக்குக் கேனில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கழுவ, குளிக்க வேறு. செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்ததும் படுத்துவிடும். இரண்டாவது நாள் எங்களுக்குப் போனே இல்லை. ஊரில் அம்மா நான்கு நாள் என் குரல் கேட்காமல் பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜனவரி 9 அன்று சான் லொரென்சோ ஆறு ஃபெல்டனில் தாழ்வான தெருக்களுக்குள் வந்துவிட்டது. ஆறு என்றால் கோடையில் நம் கவுண்டன்யா மாதிரிதான், முழங்கால் தண்ணீர். அன்று பழுப்பு நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. அதற்கு முந்தின ராத்திரி என் மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியவில்லை, நடுரோட்டில் மரம். பக்கத்து வீட்டுக்காரர் மெஷின் ரம்பத்தோடு வந்தார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். டார்ச் வெளிச்சத்தில் அறுத்து, நான் துண்டுகளை உருட்டி, வழி விட்டுக் கீழே போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. சாதாரண நாளில் இருபத்தைந்து நிமிஷம். நல்லவேளை, வாயுத்தொல்லைதான் என்றார்கள். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டு இறங்கிவிட்டோம்.

மலையில் வாழவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அழகான இடம், நல்ல மனிதர்கள். ஆனால் மண்சரிவு அந்த மலைக்குப் புதிதில்லை. 1982 ஜனவரி மழையில் பென் லோமண்ட் பக்கத்தில் லவ் க்ரீக் என்ற இடத்தில் மலைச்சரிவே இறங்கி 10 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் மின்னல் தீ அதே மலைத்தொடரில் 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிந்த சரிவு மழையைக் குடிக்காது, சேறும் கல்லுமாக இறக்கிவிடும். உங்கள் மகள் வீடு ஓடைக்கு மேலேயா, சரிவுக்குக் கீழேயா என்று அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் பதில் இதுதான்: பிரசவத்துக்கு முன் கீழே இறங்கிவிடுங்கள். சாண்டா குரூஸில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை மாச வாடகைக்கு எடுங்கள். ஜனவரி அங்கே சுற்றுலாக் காலம் இல்லை, கோடையைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஹைவே 17 வழியாக சான் ஹோசே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். அதுவும் மலைப்பாதைதான், மழையில் விபத்தும் மண்சரிவும் வந்தால் அதுவும் நிற்கும்.


மழைக்கணக்கு (சத்துவாச்சாரி) எழுதியது:

வீட்டு மாடியில் மழைமானி வைத்து 17 வருஷமாகக் குறித்து வருகிறவன் நான். "நம் புயல் மாதிரியா" என்று டீச்சர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வேறு மாதிரி, டீச்சர். நம் வடகிழக்குப் பருவமழையில் கடல் கிழக்கே, காற்றும் கிழக்கே இருந்து. வங்கக்கடலின் சூட்டில் தாழ்வு மண்டலம் உருவாகி, அந்தச் சூட்டையே தின்று வளரும். கரை ஏறியதும் தீனி நின்று வலு குறையும். அதனால்தான் மாமல்லபுரத்தில் கரை கடந்த மாண்டஸ் 2022 டிசம்பரில் நம்மிடம் வரும்போது பெரும்பாலும் மழையாகத்தான் வந்தது.

அங்கே கடல் மேற்கே. குளிர்காலத்தில் வடக்கே இருக்கிற குளிர்காற்றும் தெற்கே இருக்கிற சூடான காற்றும் மோதுகிற கோடு தெற்கே இறங்கி வருகிறது. அதற்கு மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். அந்த மோதல்தான் அவர்களுடைய புயலுக்குத் தீனி. அப்படிப்பட்ட புயலின் முன்பக்கத்தில், சில சமயம் ஹவாய்த் தீவுப் பக்கத்திலிருந்தே, ஈரக்காற்று ஒரு நீளமான பட்டையாக இழுக்கப்பட்டு வரும். இதை வளிமண்டல ஆறு என்கிறார்கள். அகலம் 400 முதல் 600 கிலோமீட்டர் இருக்கும், நீளம் ஆயிரக்கணக்கில். வலுவான ஒன்று சுமக்கிற நீராவி, மிசிசிப்பி ஆறு கடலில் சேருமிடத்தில் ஓடுகிற தண்ணீரைப்போல் ஏழரை முதல் பதினைந்து மடங்கு வரை இருக்கும். அமெரிக்க மேற்குக் கரைக்கு வருகிற வருஷ மழையிலும் பனியிலும் 30 முதல் 50 சதவீதம் இப்படிப்பட்ட சில ஆறுகளிலிருந்தே கிடைக்கிறது.

நமக்குப் பிடிபடாத இடம் மலைதான். ஈரக்காற்று மலையில் முட்டினால் மேலே ஏறியாக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். ஜோலார்பேட்டையிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி போனாலே ஒரு சால்வை தேடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கடலோரத்தில் 11 டிகிரியில் மழையாக விழுவது, உள்ளே சியரா நெவாடா மலையில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் பனியாக விழும். டாஹோ போகிற வழியில் இருக்கிற டோனர் கணவாய் சுமார் 2200 மீட்டர், நம் ஊட்டி உயரம்தான். ஊட்டியில் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும். டோனரில் ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கும். அங்கே இருக்கிற பனி ஆய்வுக்கூடத்தில் 2022-23 குளிர்காலத்தில் மொத்தம் 754 அங்குலம் பனி விழுந்ததாகப் பதிவு. ஏறக்குறைய 19 மீட்டர். அந்தப் பனிதான் ஏப்ரலுக்கு மேல் உருகி அவர்களுடைய அணைகளுக்கு வருகிறது, கலிபோர்னியாவின் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாம் ஏரியில் தேக்குவதை அவர்களுக்கு மலை தேக்கிக் கொடுக்கிறது. எனக்கு இதில் பொறாமையே உண்டு.

இன்னொன்று. புயல் சூடாக வந்தால் பனிக்கோடு, அதாவது மழை பனியாக மாறுகிற உயரம், மேலே ஏறிவிடும், ஏற்கெனவே விழுந்த பனியின் மேல் மழை பெய்யும். ஆறுகளுக்கு அதுதான் கெட்ட நேரம்.

காற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புயல் நெருங்கும்போது தெற்கிலிருந்து பலமாக அடிக்கும், மரம் சாய்வது பெரும்பாலும் அப்போதுதான். புயலோடு வருகிற குளிர்காற்றின் முன்விளிம்பு, குளிர்முகம் என்பார்கள், அது கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பி, வானம் வெளுக்கும். இரண்டு புயலுக்கு நடுவே அந்த வெளுத்த ஒரு நாள், இரண்டு நாள் கிடைக்கும். எங்கே போவதாக இருந்தாலும் அந்த இடைவெளியில் போங்கள்.


ராணிப்பேட்டை நர்ஸ் எழுதியது:

அம்மா, நான் ராணிப்பேட்டை. வடக்கு கலிபோர்னியாவில் பிரசவ வார்டில் 12 வருஷமாக வேலை செய்கிறேன். குடியாத்தத்து அண்ணன் சொன்ன முடிவுதான் என் முடிவும்.

ஜனவரி 18 என்றால் டிசம்பர் 28 அன்று 37 வாரம் முடிகிறது. அன்றிலிருந்து எந்த நாளும் நாள்தான். கொடுத்த தேதியிலேயே பிறக்கிற குழந்தை ரொம்பக் குறைவு. தலைப்பிரசவத்தில் வலி பொதுவாக நீண்ட நேரம் எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி மலையில் உட்கார வேண்டாம். அதனால் வாடகை வீடு ஜனவரி 10-லிருந்து என்று போடாதீர்கள், டிசம்பர் 28-லிருந்தே போடுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று, பிறந்த பிறகு. இங்கே சுகப்பிரசவம் என்றால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அடுத்த சில நாளுக்குள் குழந்தையை மறுபடி டாக்டரிடம் காட்டியாக வேண்டும், மஞ்சள் காமாலையும் எடையும் பார்ப்பதற்கு. அந்த வாரம் ரோடு மூடியிருந்தால்? ஆகவே குழந்தைக்கு இரண்டு வாரம் ஆகிறவரை கீழேயே இருங்கள். மகளின் டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது, "ரோடு அடைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய வேண்டும்" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லுவார்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவள் எந்த மலையில் இருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம், அம்மா, நீங்கள் சாம்பிராணிக்குக் கரித்துண்டு எடுத்துப்போக நினைத்திருப்பீர்கள். என் அம்மாவும் கொண்டுவந்தார். தயவுசெய்து வேண்டாம். இங்கே குளிருக்காக வீட்டை இறுக்கி மூடி வைப்பார்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும், வாசனையே இருக்காது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கரண்ட் போனபோது குளிருக்குக் கரி மூட்டியவர்களும், ஜெனரேட்டரை கார் ஷெட்டுக்குள் ஓட்டியவர்களும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளித்தான் ஓட வேண்டும். குழந்தையின் தலையைத் துண்டால் துவட்டினாலே போதும், புகை வேண்டாம்.


காட்பாடி டீச்சர் எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குடியாத்தத்துத் தம்பி, உங்கள் மாமனார் இப்போது நன்றாக இருக்கிறாரா? அதைப் படித்தபோது எனக்கு 2021 அப்படியே திரும்பி வந்துவிட்டது.

நர்ஸ் கண்ணு, நீ சொன்னது சரி. கரித்துண்டு பாக்கெட்டை எடுத்து வைத்திருந்தேன், வெளியே எடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி மகளிடம் பேசினேன். முதலில் கோபித்துக்கொண்டாள். "முதல் குழந்தையை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அறையெல்லாம் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன்" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் ஒன்றுதான் சொன்னேன், "அந்த அறை இரண்டு வாரம் காத்திருக்கும், ரோடு காத்திருக்காது." மாப்பிள்ளை பேசவில்லை. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தானாம், நான் கேட்டபோதுதான் அவருக்கே மோட்டார் நினைவு வந்தது. வீடு சரிவின் நடுவில். கீழே ஓடை, மேலே இன்னும் இரண்டு வீடு.

டாஹோ விஷயம் மட்டும் பாக்கி. மாப்பிள்ளைக்கு அதில் ஆசை விடவில்லை.


குடியாத்தத்துக்காரன் எழுதியது:

மாமனார் நன்றாக இருக்கிறார் டீச்சர், கேட்டதற்கு நன்றி. இப்போது குடியாத்தத்தில், தினமும் காலையில் நடக்கிறார்.

டாஹோவுக்கு மகள் வேண்டாம். நிறைமாதத்தில் அந்த ரோடு வேண்டவே வேண்டாம். நீங்களும் சாரும் பனி பார்க்க வேண்டும் என்றால், குழந்தை பிறந்து எல்லாம் நிலைக்கு வந்த பிறகு, மழைக்கணக்கு ஐயா சொன்ன வெளுத்த நாளில் போய் வாருங்கள். மார்ச்சிலும் அங்கே பனி கிடக்கும்.

அந்த ரோட்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டிசம்பரில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம், சாதாரணமாக நாலு மணி நேரப் பயணம். மேலே ஏற ஏற பனி அடர்ந்தது. டயரில் சங்கிலி மாட்டினால்தான் விடுவோம் என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே மூன்று படி உண்டு. முதல் படியில் பனி டயர் போட்ட சாதாரண கார் போகலாம். இரண்டாவது படியில், நான்கு சக்கரமும் இழுக்கிற, நான்கிலும் பனி டயர் போட்ட வண்டிக்குத்தான் விலக்கு. மூன்றாவதில் யாருக்கும் விலக்கு இல்லை, ஆனால் அந்தக் கட்டம் வருவதற்குள் பெரும்பாலும் ரோட்டையே மூடிவிடுவார்கள். விலக்கு உள்ள வண்டியிலும் சங்கிலி இருந்தாக வேண்டும். நான் சங்கிலியைக் கடையிலிருந்து வாங்கியதோடு சரி, ஒரு தடவைகூட மாட்டிப் பார்க்கவில்லை. கொட்டுகிற பனியில் மண்டியிட்டு, விரல் மரத்து, முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் ஓட்ட முடியும். கணவாய்க்கு முன்னால் ரோட்டை மூடிவிட்டார்கள். ஆறு மணி நேரம் காருக்குள். என் பையனுக்கு அப்போது மூன்று வயசு. என் மனைவி கட்டிக்கொடுத்திருந்த புளிசாதமும் ஒரு கம்பளியும் இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

போகிறபோது பெட்ரோல் முக்கால் டேங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். காரில் நிற்க நேர்ந்தால் அடிக்கடி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். நர்ஸ் தங்கை சொன்ன அதே விஷவாயு காருக்குள்ளும் வரும். கூகுள் மேப் சின்ன ரோட்டில் திருப்பிவிட்டால் போகாதீர்கள், அந்த ரோட்டில் பனி வாரும் வண்டி வராது.

மலை வீட்டுக்கு இன்னும் ஒன்று. அந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு வெளியேற்ற மண்டலத்தில் இருக்கும், அதற்கு ஓர் எண் உண்டு. புயல் வரும்போது அந்த எண்ணை வைத்துத்தான் அறிவிப்பார்கள். எச்சரிக்கை என்றால் மூட்டை கட்டித் தயாராக இரு, வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அப்போதே கிளம்பு என்று பொருள். உத்தரவு என்றால் உடனே கிளம்பு. உங்கள் வீட்டில் இரண்டு வகை ஆட்களும் இருக்கிறீர்கள், எச்சரிக்கையிலேயே கிளம்பிவிட வேண்டும்.


வாணியம்பாடி to சான் ஹோசே எழுதியது:

டீச்சர், முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். என் வீட்டு ஜன்னலில் தெரிகிற மழையை வைத்துச் சொன்னது தப்பு.

எங்கள் ஊரில் 1903 வெள்ளத்துக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்த நவம்பர் 12 அன்று மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாறு ஊருக்குள் வந்தது. அந்தத் தூணைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஊரில் பெய்யாத மழைக்கு ஊர் போனது என்று என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன், மலைக்கு அந்தப் பக்கம் என்ன பெய்கிறது என்று யோசித்திருக்க வேண்டும்.

நான் இருப்பது சாண்டா குரூஸிலிருந்து நாற்பது நிமிஷம். நீங்கள் கீழே இருக்கும் அந்த வாரங்களில் என்ன வேண்டுமானாலும் தனி மெசேஜில் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, பூண்டு, சுக்கு எல்லாம் இங்கே கடையில் கிடைக்கும், பெட்டியில் இடத்தை அடைக்காதீர்கள். பத்தியச் சாப்பாட்டுக்கு நல்ல மிளகு மட்டும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள்.


காட்பாடி டீச்சர் எழுதியது:

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு நிமிஷ தூரத்தில், சமதரையில், இரண்டு அறை வீடு, டிசம்பர் 28-லிருந்து ஐந்து வாரத்துக்கு மாப்பிள்ளை பேசிவிட்டார். மகளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாளாம், கேஸ் அடுப்பு, கரண்ட் இல்லாவிட்டாலும் தீக்குச்சியால் பற்ற வைக்கலாம். டாஹோவை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டோம். நாங்கள் திரும்பி வருவது ஏப்ரலில்தான், அதற்குள் ஒரு வெளுத்த நாள் கிடைக்காமலா போகும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு மேல்பக்கம் மழைத்தண்ணீர் போகிற குழாயில் அடைத்திருந்த சருகையெல்லாம் அள்ளினாராம், மூன்று சாக்கு. மேல் வீட்டுக்காரரும் வந்து கூட நின்றிருக்கிறார். அவரிடம் மெஷின் ரம்பம் இருக்கிறதாம்.

இன்று காலை மகள் அந்த மண்டல எண்ணை அனுப்பினாள். இங்கே தினசரி காலண்டர் அட்டையில், டாக்டர் நம்பருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது அட்டையோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.